கதவோர ஸ்டிக்கரில் தொடங்குங்கள்: முழு அளவு பிக்கப்பை எடைபோடும் முறை

அமெரிக்காவில் முழு அளவு பிக்கப் வாங்கப் போகிறவர் முன்னால் இரண்டு விஷயங்கள் முந்திக்கொண்டு வந்து நிற்கும். ஒன்று, கையேட்டில் இருக்கும் இழுவைத் திறன். ஃபோர்டு எஃப்-150, செவ்ரலே சில்வராடோ போன்றவை உரிய அமைப்போடு 13,000 பவுண்டுக்கு மேல் இழுக்கும் என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். மற்றொன்று, ஷோரூமில் காட்டும் உள்ளலங்காரம்: தோல் இருக்கை, நடுவே பெரிய திரை, தலைக்கு மேல் கண்ணாடிக் கூரை. இரண்டுமே உண்மைதான். ஆனால் ஒரே வண்டியில் இரண்டும் முழுதாகக் கிடைப்பதில்லை என்பதை யாரும் வலிய வந்து சொல்வதில்லை. இந்த வகை வண்டியில் வடிவமைப்பு, சொகுசு, ஓட்டத்திறன் மூன்றுமே எடை என்ற ஒரே கணக்கில்தான் பற்று எழுதப்படுகின்றன. ஒன்றில் கூட்டினால் இன்னொன்றில் குறையும். ஆகவே மூன்றுக்கும் தனித்தனியாக மதிப்பெண் போட்டுக் கூட்டிப் பார்க்கும் வழக்கமான முறை இங்கே உதவாது. சுமையில் தொடங்க வேண்டும்; மற்ற எல்லாவற்றையும் சுமையோடு சேர்த்தே பார்க்க வேண்டும்.

முதல் வேலை, ஓட்டுநர் கதவைத் திறந்து கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் வெள்ளையும் மஞ்சளுமான சிறு ஸ்டிக்கரைப் படிப்பது. டயரில் எவ்வளவு காற்று வேண்டும் என்று சொல்லும் அதே ஸ்டிக்கர்தான். ஆட்களும் சாமான்களும் சேர்ந்த எடை இத்தனை கிலோவை, இத்தனை பவுண்டைத் தாண்டக் கூடாது என்று அதில் ஒரு வரி இருக்கும். அந்த எண் அந்த மாடலுக்குப் பொதுவானதல்ல, உங்கள் எதிரே நிற்கும் அந்த ஒரு வண்டிக்கானது. நான்கு கதவு, நான்கு சக்கர இழுவை, உயர்ரக அலங்காரம் கொண்ட ஒரு வண்டியில் 1,400 பவுண்டு என்று போட்டிருப்பதாக வைத்துக்கொள்வோம். கணவன், மனைவி, வளர்ந்த இரு பிள்ளைகள் சேர்ந்து 600 பவுண்டு. பின்பக்கச் சரக்குத் தொட்டிக்கு மூடி, உள்விரிப்பு, டிரெய்லர் மாட்டும் கொக்கி என்று பிறகு சேர்ந்தவை 150. மிஞ்சுவது 650. டிரெய்லரின் மூக்கு கொக்கியின் மேல் அழுத்தும் எடையும் இதற்குள்தான் அடங்க வேண்டும். அந்த அழுத்தம் டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் இருந்தால்தான் டிரெய்லர் சாலையில் ஆடாமல் வரும். 13 சதவீதம் என்று கணக்கிட்டால் 650 பவுண்டுக்கு இடம் கொடுப்பது 5,000 பவுண்டு டிரெய்லருக்குத்தான். தொட்டியில் இரண்டு சைக்கிளும் ஒரு ஐஸ் பெட்டியும் ஏறினால் அதுவும் குறையும். கையேடு சொன்ன எண்ணில் பாதியைக்கூட இந்தக் குடும்பம் தொட முடியாது. எஞ்சினில் எந்தக் குறையும் இல்லை. சுமைத் திறன் தீர்ந்துபோனதுதான் காரணம்.

ஆகவே ஷோரூமுக்குப் போவதற்கு முன்பே, பார்க்க நினைக்கும் வண்டியின் கதவோர ஸ்டிக்கரைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். ஒரே மாடலில் இரண்டு வண்டிகளுக்கிடையே பல நூறு பவுண்டு வித்தியாசம் இருப்பது சாதாரணம். கையேட்டில் வரும் உச்ச சுமைத் திறன் பெரும்பாலும் இரண்டு கதவு, இரு சக்கர இழுவை, தனிச் சுமைப் பொதி சேர்த்த எளிய வண்டிக்கு உரியது. கண்ணாடிக் கூரை, தானாக இறங்கும் கால்படி, பெரிய சக்கரங்கள், நான்கு சக்கர இழுவை என்று ஒவ்வொன்றும் ஏறும்போது அது இறங்கும். 2015 எஃப்-150இல் ஃபோர்டு எஃகு உடலைக் கைவிட்டு அலுமினியக் கலவைக்கு மாறி, 700 பவுண்டு வரை எடை குறைத்தது. எடைதான் இந்த வண்டியின் அடிப்படைக் கேள்வி என்று தயாரிப்பாளருக்கே தெரியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். வாங்குபவர்தான் அதைக் கடைசியில் கேட்கிறார்.

இங்கே ஓர் ஆட்சேபம் நியாயமாகவே எழும். இழுவை எண்கள் கம்பெனிகள் வாய்க்கு வந்தபடி சொல்பவை அல்ல, எஸ்.ஏ.இ. ஜே2807 என்ற பொதுத் தர அளவுப்படி சோதித்துச் சொல்பவை ஆயிற்றே என்பார்கள். சரிதான். டொயோட்டா 2011 மாடல்களிலேயே அதை ஏற்றுக்கொண்டது. டெட்ராய்ட் கம்பெனிகள் சில ஆண்டுகள் கழித்து வந்து சேர்ந்தன. அரிசோனாவில் டேவிஸ் அணைக்கு அருகே பதினொரு மைலுக்கு மேல் நீளும் ஏற்றத்தில், கொதிக்கும் வெயிலில், ஏ.சி.யை முழுதாக ஓடவிட்டு, மணிக்கு 40 மைலுக்குக் குறையாமல் ஏற வேண்டும் என்பது அதன் கடுமையான பகுதி. எஞ்சினையும் கியர்பாக்ஸையும் குளிரூட்டலையும் அளக்க அருமையான சோதனை. ஆனால் அது வண்டிக்குள் வைப்பது ஆளுக்கு 150 பவுண்டு கணக்கில் இரண்டே பேரை. பின்னிருக்கையில் பிள்ளைகள் இல்லை, தொட்டியில் சாமான் இல்லை. எண் சரி, உங்கள் குடும்பம் அதில் இல்லை, அவ்வளவுதான். இன்னொரு பதிலும் காதில் விழும்: பின்னால் காற்றுப் பை மாட்டினால் சுமைத் திறன் கூடும் என்று. கூடாது. தாழ்ந்த பின்பக்கம் நிமிரும், பார்க்க நேராக இருக்கும்; அச்சு, பிரேக், டயர், சட்டகம் எதுவும் மாறவில்லை, ஆகவே அனுமதித்த எடையும் மாறவில்லை. ஒரு படி மேலே போய் முக்கால் டன் வகை டீசல் பிக்கப் வாங்கிவிடலாம் என்பவர்களுக்கும் அதே எச்சரிக்கை. டீசல் எஞ்சினே கனமானது; அந்த வண்டிகளில் பலவற்றின் மொத்த எடை வரம்பு 10,000 பவுண்டில் நிறுத்தப்பட்டிருப்பதால், சுமைக்கு மிஞ்சுவது எதிர்பார்த்ததைவிடக் குறைவாக இருக்கக்கூடும்.

சுமைக் கணக்கு ஒத்துவந்தால் அடுத்தது தொட்டி. ஐந்தரை, ஆறரை, எட்டு அடி என மூன்று நீளங்கள் வழக்கத்தில் உள்ளன. நான்கு கதவு வண்டிகளில் பெரும்பாலும் ஐந்தரை அடிதான் கடையில் நிற்கும். ஓர் அளவுநாடாவை எடுத்துக்கொண்டு போங்கள். அமெரிக்க மரக்கடையில் ஒட்டுப்பலகை வழக்கமாக நான்கடிக்கு எட்டடி. சக்கர மேடுகளுக்கு இடையே 48 அங்குலத்துக்கு மேல் இருந்தால் அது தட்டையாகப் படுக்கும். பெரும்பாலானவற்றில் அந்த இடைவெளி ஐம்பது அங்குலத்தை ஒட்டியே இருக்கும். ஐந்தரை அடித் தொட்டியில் பலகை டெயில்கேட்டின் மேல் நீண்டு நிற்கும், கட்டினால் ஓட்டலாம். டெயில்கேட்டைத் திறந்து அதன் உயரத்தை அளங்கள். நான்கு சக்கர இழுவை வண்டிகளில் அது தரையிலிருந்து ஏறத்தாழ மூன்றடி இருக்கும். ஒரு சிமென்ட் மூட்டையை அந்த உயரத்துக்குத் தூக்க முடியுமா என்பதை உங்கள் முதுகைக் கேளுங்கள். ஜெனரல் மோட்டார்ஸ் பின்பம்பரின் இரு மூலைகளிலும் பூட்ஸ் கால் நுழையும் அளவுக்கு வெட்டிவிட்ட படி, எந்த மோட்டாரும் இல்லாத மிகச் சிக்கனமான நல்ல யோசனை. அதே கம்பெனியின் பல மடிப்பு டெயில்கேட் பார்க்க ஜாலவித்தைபோல் இருக்கும். ஆனால் கொக்கியில் டிரெய்லர் உருண்டை மாட்டியிருக்கும்போது உட்பலகையை இறக்கினால் அதன் மேல் போய் மோதும். கொக்கியோடு ஒருமுறை, கொக்கி இல்லாமல் ஒருமுறை திறந்து பார்க்காமல் அதற்குப் பணம் கொடுக்க வேண்டாம்.

வெளித் தோற்றத்தைப் பற்றி அதிகம் பேசத் தேவையில்லை, முகப்பின் உயரத்தைத் தவிர. ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்துகொண்டு, கூட வந்தவரை வண்டிக்கு முன்னால் குந்தி உட்காரச் சொல்லி, அப்படியே பின்னோக்கி நகரச் சொல்லுங்கள். அவர் தலை எந்தத் தூரத்தில் கண்ணுக்குத் தெரிகிறது என்று பாருங்கள். ஒரு சிறுவன் நின்றால் எவ்வளவு மறையும் என்பது அதிலிருந்து தெரிந்துவிடும். நெடுஞ்சாலைப் பாதுகாப்புக்கான காப்பீட்டு ஆய்வு அமைப்பான ஐ.ஐ.எச்.எஸ். 2023இல் வெளியிட்ட ஆய்வின்படி, பானெட்டின் முன் விளிம்பு 40 அங்குலத்துக்கு மேல் உயர்ந்த வண்டிகள் பாதசாரி மீது மோதினால் உயிர்ச்சேதம் நேரும் வாய்ப்பு, 30 அங்குலத்துக்குள் சரிவாக இறங்கும் முகப்பைவிட ஏறத்தாழ 45 சதவீதம் கூடுதல். முன்கேமரா இருக்கிறதே என்பது பதில் ஆகாது. கேமரா காட்டும், மோதும் உயரத்தைக் குறைக்காது. முரட்டு முகப்பு வேலைக்குத் தேவை என்ற வாதத்துக்கும் பெரிய ஆதாரம் கிடையாது. எஞ்சினைக் குளிர்விக்கக் காற்று வழி வேண்டும், அதற்கு இவ்வளவு செங்குத்தான சுவர் வேண்டியதில்லை. கூடவே கராஜையும் அளந்துவிடுங்கள். ஐந்தரை அடித் தொட்டியோடு நான்கு கதவு எஃப்-150 பத்தொன்பது அடியைத் தாண்டும். பல வீடுகளின் கராஜ் ஆழம் இருபது அடி.

இனி சொகுசு. இதில்தான் விமர்சனங்கள் அதிகம் வழிதவறுகின்றன. பத்திரிகைக்காரர்கள் காலி வண்டியை நல்ல சாலையில் ஓட்டிவிட்டு, காரைப்போல மெத்தென்று போகிறது என்று எழுதுவார்கள். பிக்கப்பின் பின் ஸ்பிரிங் காலி வண்டிக்கும் 1,500 பவுண்டு ஏறிய வண்டிக்கும் சேர்த்து வேலை பார்க்க வேண்டும். சுமைக்கு ஏற்றபடி விறைப்பாக வைத்தால் காலியாகப் போகும்போது பின்பக்கம் துள்ளும். மென்மையாக வைத்தால் சுமை ஏறியதும் தாழும். எஃப்-150இலும் சில்வராடோவிலும் பெரும்பாலான வகைகளுக்கு, லாரிப் பட்டறைகளில் கமான் பட்டை என்று சொல்லும் லீஃப் ஸ்பிரிங்தான் பின்னால். ராம் 1500 2009 மாடலிலேயே சுருள் ஸ்பிரிங்குக்கு மாறியது. டொயோட்டா டன்ட்ரா 2022இல் அந்த வழிக்கு வந்தது. ராமில் விரும்பினால் ஏர் சஸ்பென்ஷனும் உண்டு. காலியாக ஓட்டினால் சுருள் ஸ்பிரிங் வண்டி சுகமாக இருக்கும், சந்தேகமில்லை. ஆகவே காலியாக மட்டும் ஓட்டிப் பார்த்தால் தீர்ப்பு முன்கூட்டியே எழுதப்பட்டுவிடும்.

சோதனை ஓட்டத்தை இரண்டு பாகமாக வையுங்கள். முதலில் தனியாக. ரயில் தண்டவாளக் கடவு, பாலத்தின் இணைப்புப் பிளவுகள், வளைவின் நடுவே ஒட்டுப்போட்ட சாலை, இந்த மூன்றும் இருக்கும் வழியை முன்கூட்டியே பார்த்து வைத்துக்கொண்டு, மணிக்கு 25 முதல் 35 மைல் வேகத்தில் போங்கள். வளைவில் மேடு தட்டும்போது பின்பக்கம் பக்கவாட்டில் அரையடி தாவுவதுபோல் தோன்றுகிறதா, தட்டியபின் எத்தனை ஆட்டத்தில் வண்டி அடங்குகிறது என்று கவனியுங்கள். ஒரே ஆட்டத்தில் அடங்கினால் நல்லது. பிறகு அதே வழியில், எல்லா இருக்கையிலும் பெரியவர்களை ஏற்றிக்கொண்டு. விற்பனையாளர் தொட்டியில் மூட்டை ஏற்ற விடமாட்டார். ஐந்து பேரை ஏற்ற யாரும் தடை சொல்ல முடியாது, அதுவே 800 பவுண்டு. முதல் ஓட்டத்தில் குறை சொன்ன லீஃப் ஸ்பிரிங் வண்டி இப்போது அடங்கிப் போவதையும், மெத்தென்றிருந்தது மேட்டில் அடித்தட்டுவதையும் நீங்கள் காணக்கூடும். டயரையும் பாருங்கள். கரடுமுரடு பொதியோடு வரும் சுமை டயர்களின் பக்கச்சுவர் விறைப்பானது. ஸ்பிரிங்கின் மேல் போடும் பழியில் ஒரு பங்கு உண்மையில் டயருக்கு உரியது.

பெரும்பாலோர் ஆண்டின் பெரும்பகுதி காலியாகத்தானே ஓட்டுகிறார்கள், பிறகு சுமை ஏற்றிச் சோதிப்பது எதற்கு என்று கேட்கலாம். இதுதான் என் வாதத்துக்கு வரும் வலுவான மறுப்பு, இதைத் தள்ளிவிட முடியாது. காலியாகத்தான் ஓட்டுவேன் என்று தெளிவாகத் தெரிந்தவர் சுருள் ஸ்பிரிங் வண்டியை, அலங்காரம் நிறைந்த வகையை, மனச் சங்கடமின்றி எடுக்கலாம். சுமைத் திறன் குறைவது அவருக்கு நட்டமல்ல. அவர் ஹோண்டா ரிட்ஜ்லைன் போன்ற சிறிய வகையையும் பார்த்துவிட்டு முடிவெடுத்தால் பணமும் நிறுத்துமிடமும் மிஞ்சும். ஆனால் ஆண்டுக்கு நான்கே முறை படகு இழுப்பவர் அந்த நான்கு முறைக்காகத்தான் இவ்வளவு பெரிய வண்டி வாங்குகிறார். வாங்கும் காரணமே எதுவோ அதைச் சோதிக்காமல் விட்டுவிட்டு மற்றதைச் சோதிப்பதில் அர்த்தமில்லை.

இருக்கையில் அரை மணி நேரமாவது உட்காருங்கள். ஐந்து நிமிடத்தில் எல்லா இருக்கையும் நல்ல இருக்கைதான். பின்னிருக்கையின் சாய்வு முக்கியம்: பழைய பிக்கப்களில் முதுகுப்பலகை கேபினின் பின்சுவரோடு ஏறத்தாழ நிமிர்ந்து நிற்கும், நீண்ட பயணத்தில் அது வதைக்கும். குழந்தை இருக்கை வைத்திருப்பவர்கள் அதைக் கையோடு கொண்டுபோய் மாட்டியே பார்க்க வேண்டும். காரில் மேல்பட்டையை நேரே பின்னால் கொக்கியில் மாட்டிவிடலாம். பல பிக்கப்களில் அந்தப் பட்டையைத் தலைச்சாய்வுக்குப் பின்னால் உள்ள துணி வளையத்தில் நுழைத்து, பக்கத்து இருக்கையின் வளையத்தில் கொண்டுபோய் மாட்டச் சொல்கிறார்கள். இரண்டு குழந்தை இருக்கைகள் என்றால் அது சிறு போராட்டமே. திரையைப் பொறுத்தவரை ஒரே ஒரு சோதனை போதும். கனமான கையுறை போட்டுக்கொண்டு வெப்பமூட்டியையும், டிரெய்லர் பிரேக்கின் அளவையும், கண்ணாடி மடிப்பையும் இயக்கிப் பாருங்கள். குமிழ் இருந்தால் முடியும். மினசோட்டாவிலோ ஒன்டாரியோவிலோ ஜனவரியில் வண்டி எடுப்பவருக்கு இது சின்ன விஷயமல்ல.

எஞ்சினைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம், இன்று அதில் மோசமான தேர்வு அரிது என்பதுதான். எஃப்-150இன் 3.5 லிட்டர் இரட்டை டர்போ 400 குதிரைத்திறன், 500 பவுண்டு-அடி முறுக்குவிசை தருகிறது. 5 லிட்டர் வி-8உம் அதே 400 குதிரைத்திறன், ஆனால் முறுக்குவிசை 410தான். சுமையை நகர்த்துவது முறுக்குவிசை, அதுவும் குறைந்த சுழற்சியில் கிடைப்பது. வாழுமிடம் மலைப்பாங்கு என்றால் டர்போவுக்கு இன்னொரு காரணமும் உண்டு. டர்போ இல்லாத எஞ்சின் ஒவ்வோர் ஆயிரம் அடி உயரத்துக்கும் ஏறத்தாழ மூன்று சதவீதம் சக்தி இழக்கும். கொலராடோவில் 11,000 அடியை ஒட்டிய ஐசனோவர் சுரங்கத்தை எட்டும்போது மூன்றில் ஒரு பங்கு போயிருக்கும். டர்போ அந்த இழப்பைப் பெருமளவு ஈடுகட்டும், பதிலுக்குச் சுமையோடு ஏறும்போது பெட்ரோலைத் தாராளமாகக் குடிக்கும். வி-8தான் நம்பகம், டர்போ நிலைக்காது என்ற பேச்சை மட்டும் அப்படியே ஏற்க வேண்டாம். 2024இல் டொயோட்டா, எஞ்சினுக்குள் தங்கிய உலோகத் துகளுக்காக ஒரு லட்சம் அளவில் டர்போ வண்டிகளைத் திரும்ப அழைத்தது. 2025இல் ஜெனரல் மோட்டார்ஸ் 6.2 லிட்டர் வி-8 எஞ்சினுக்காக ஆறு லட்சத்தை ஒட்டிய வண்டிகளைத் திரும்ப அழைத்தது. கட்சி கட்டாமல், வண்டியின் 17 எழுத்து அடையாள எண்ணை மத்திய அரசின் சாலைப் பாதுகாப்பு நிர்வாகத் தளத்தில் போட்டு, திரும்ப அழைப்பு ஏதும் பாக்கியிருக்கிறதா என்று பாருங்கள். ஆக்சில் விகிதத்தையும் கேளுங்கள். ஒரே எஞ்சினோடு 3.21 விகிதத்தில் வரும் ராமுக்கும் 3.92இல் வருவதற்கும் இழுவை வரம்பில் ஆயிரக்கணக்கான பவுண்டு வித்தியாசம். ஓட்டும்போது நின்ற இடத்திலிருந்து பாய்வதைவிட, 45 மைலிலிருந்து 65 மைலுக்கு நெடுஞ்சாலைச் சரிவில் ஏறும் வேகத்தைக் கவனியுங்கள். இறக்கத்தில் இழுவை முறையைப் போட்டு, பிரேக் தொட்டதும் கியர் தானாகக் கீழிறங்கிப் பிடிக்கிறதா என்றும் பாருங்கள்.

வாங்கிய பிறகு, அல்லது வாடகைக்கு எடுத்துப் பார்க்கும்போதே, ஒரு வேலை மிச்சமிருக்கிறது. நெடுஞ்சாலை லாரி நிறுத்தங்களில் கேட் ஸ்கேல் என்ற எடைமேடை இருக்கும்; சிறு கட்டணத்தில் முன் அச்சு, பின் அச்சு, டிரெய்லர் அச்சு மூன்றின் எடையையும் தனித்தனியே அச்சிட்டுத் தருவார்கள். குடும்பம், சாமான், நிரம்பிய டாங்க், டிரெய்லர் எல்லாவற்றோடும் ஒருமுறை நிறுங்கள். டிரெய்லரைக் கழற்றி ஓரமாக நிறுத்திவிட்டு, அதே ஆட்களோடு வண்டியை மட்டும் இன்னொரு முறை. இரண்டு முறையும் வண்டியின் இரு அச்சுகளில் வந்த எடையைக் கூட்டிக் கழித்தால் கொக்கியின் மேல் உண்மையில் எவ்வளவு அழுத்துகிறது என்பது தெரியும். முதல் சீட்டில் பின் அச்சு எடை, கதவுச் சட்டத்தில் உள்ள மற்றொரு சான்றுப் பட்டையில் அதற்கென்று குறித்த வரம்பைத் தாண்டினால், எடைபகிரும் கொக்கி ஒன்றைப் போட்டு அதில் ஒரு பங்கை முன் அச்சுக்கும் டிரெய்லர் அச்சுக்கும் தள்ளலாம். டிரெய்லருக்குள் முன்பக்கம் அடுக்கியதைச் சற்றுப் பின்னால் நகர்த்தினாலும் குறையும். ஆனால் கொக்கி அழுத்தம் பத்து சதவீதத்துக்குக் கீழே போகும் அளவுக்கு நகர்த்தக் கூடாது. அதற்குக் கீழே போனால் டிரெய்லர் பாம்புபோல் நெளியத் தொடங்கும். அந்தக் கட்டத்தில் குறைக்க வேண்டியது டிரெய்லரில் ஏற்றியிருக்கும் சாமானைத்தான்.